ஏரிக்குப் போகாத படகு

புது ஸ்கூட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் நசுங்கி வேலைக்குப் போன ஒரே ஆள் ராசிபுரம் வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன். ஷோரூமிலிருந்து வண்டி வந்த அன்றைக்கே மாமா சாவியைக் கேட்டார். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தால் வாசலில் நீளமாகச் சாக்கு விரித்திருந்தது. அதன்மேல் என் ஸ்கூட்டி நட்டு வேறு போல்ட்டு வேறாகக் கிடந்தது.

“மாமா, இது புது வண்டிங்க!”

“புது வண்டின்னா கம்பெனிக்காரன் பூட்டுனது கண்ணு. அவன் என்ன அவசரத்துல பூட்டுனானோ. ஒருக்கா கழட்டி மாட்டுனாத்தான் அது உன்ற வண்டி. சித்தே பொறு.”

எங்கள் பக்கத்தில் ‘சித்தே’ என்றால் கொஞ்ச நேரம். மாமாவின் சித்தேவுக்கு மட்டும் முடிவு கிடையாது. அதற்குள் ஆயுதபூஜை வந்தது, கழற்றிய பாகங்களுக்கே பொட்டு வைத்துக் கும்பிட்டோம். ஒரு வழியாக வண்டி என் கைக்கு வந்தபோது சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவரிடம் இருந்த பெரிய தொந்தரவே அதுதான். அவர் செய்த வேலையில் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடிந்திருந்தால் அந்த வீட்டில் இருந்தவர்கள் எப்போதோ தப்பித்திருப்போம்.

அவர் என் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். எனக்கு ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை கிடைத்தபோது, திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் அலைய வேண்டாம் என்று அப்பா என்னை அத்தை வீட்டில் கொண்டுவந்து விட்டார். வீடு வெண்ணந்தூர் போகும் ரோட்டில் இருந்தது. வீட்டை ஒட்டி லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை. வெறும் எலும்புக்கூடாக வரும் லாரிக்கு மரத்திலும் தகரத்திலும் உடம்பு கட்டிக் கொடுப்பது அவர் தொழில். அவர் கட்டிய பாடி எத்தனை மேடு பள்ளத்தில் போனாலும் கலகலக்காது என்று டிரைவர்கள் சொல்வார்கள். அதே டிரைவர்கள்தான், அவர் சொன்ன தேதிக்கு வண்டி வராமல், பட்டறை வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்துக் கிடப்பார்கள். “ரேசன் கார்ட இந்த ஊருக்கே மாத்திக்கலாம்னு இருக்கறோமுங்கக்கா,” என்று ஒருவர் அத்தையிடம் சொன்னார். அவர்களுக்குக் காபி போட்டுப் போட்டு ஓய்ந்தது அத்தைதான். கடைசியில் மாமாவின் தம்பி மகன் பட்டறையை எடுத்துக்கொண்டான். அவருக்கு மிச்சம் இருந்தது பின்பக்கத்து ஷெட்டும் அதற்குள் நின்ற படகும்.

ஆமாம், படகுதான். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் விடிய விடியப் பஸ் ஏற வேண்டிய எங்கள் செம்மண் காட்டில், பாய்மரத்தோடு, சுக்கானோடு, நிஜமான ஒரு மரப்படகு.

அது நான் அங்கே போவதற்கு முன்பே வந்துவிட்டது. கேரளத்தில் ஒருவருக்கு லாரி ஒப்படைக்கப் போன மாமா, காயல் கரையில் அது கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறார். அதற்கடியில் கோழி அடைத்திருந்தார்களாம். “அத்தனை நல்ல தேக்கு, கோழிப்பீ தின்னுட்டுக் கெடக்குது. பாத்துட்டு எப்படி வாரது?” என்பார். நாமக்கல்லிலிருந்து முட்டை லோடு கொண்டுபோய் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியில் அதை ஏற்றித் தார்பாய் போட்டு மூடிக்கொண்டு வந்து சேர்ந்தார். கோயில் தேர் ஏதோ வந்திருக்கிறது என்று பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார்களாம்.

அன்றைக்கு எல்லோர் முன்னாலும் மாமா அத்தையிடம் சொன்னார்: “ஏரி ரொம்பட்டும். உன்னைய இதுல உக்கார வெச்சு ஒரு சுத்து சுத்திக் காட்டறேன்.”

பேச்சுக்குச் சொன்னதாக வேறு யாராவது எடுத்துக்கொண்டிருப்பார்கள். அத்தை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பிறந்த வீட்டில் பெரிய கிணறு உண்டு. அப்பாவும் சித்தப்பாவும் அதில் குதித்து நீந்திக் கும்மாளம் போடும்போது, அவள் அவர்களுடைய துணியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே நிற்பாள். பெண்பிள்ளை தண்ணீரில் இறங்கக் கூடாது. “அவங்க கூச்சல் கெணத்துக்குள்ள இருந்து மேல வரும் பாரு, அதுதான் எனக்குத் தண்ணி,” என்று ஒரு நாள் பாத்திரம் விளக்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள். அதைச் சொன்னபோது அவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கால் நனையும் அளவுக்கு மேல் அவள் எந்தத் தண்ணீரிலும் நின்றதில்லை.

படகுக்குப் பாய் தைத்தது அவள்தான். வெள்ளைத் துணி வாங்கிவந்து, மாமா சாக்பீசால் கோடு போட்டுக் கொடுக்க, கூடத்தில் துணியை மலைபோலக் குவித்துக்கொண்டு தையல் மிஷினை மிதித்தாள். தைத்து முடித்ததும் மாமா அதை வாசலில் விரித்து, முட்டி போட்டு, தையல் ஓரமாகவே விரலை ஓட்டிக்கொண்டு போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இங்க ஒரு நூல் அளவுக்கு வளைஞ்சிருக்குது.”

“காத்து அதையெல்லாம் பாத்துட்டா வீசும்?” என்றாள் அத்தை.

“காத்துப் பாக்காது. நான் பாத்துட்டனே.”

அவள் பிரித்துத் தைத்தாள். இன்னொரு தடவையும் பிரித்தாள். அப்புறம் மாமா அந்தப் பாயை மடித்து, நாப்தலின் உருண்டை போட்டு, அவளுடைய பட்டுச்சேலைகளுக்குப் பக்கத்தில் பீரோவில் வைத்துவிட்டார். அந்தப் பட்டுச்சேலைகளும் அப்படித்தான், கட்டினால் மடிப்பு கலைந்துவிடும் என்று உள்ளேயே இருந்தன.

மாமாவைக் கஞ்சர் என்று நினைத்துவிடக் கூடாது. சிடுமூஞ்சியும் இல்லை. கல்லூரியில் சம்பளம் தள்ளிப்போன மாதங்களில், நான் வாயைத் திறக்கும் முன்பே ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் நிரப்பி வைத்திருப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறுவார். விசிறிக்கொண்டே கட்டில் கால் ஆடுவதைக் கண்டுபிடித்து, என்னை இறக்கிப் பாயில் படுக்க வைத்துவிட்டுக் கட்டிலைக் கழற்றுவார்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் அவரிடம் தப்பவில்லை. மாப்பிள்ளையை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படகைக் காட்டுவார். பையன் படகைத் தட்டிப் பார்த்தால் அவசரக்காரன், தொடாமல் நின்றால் அக்கறை இல்லாதவன். ஒருவருக்கு நடையில் லேசான இழுப்பு, ஒருவருக்குச் சிரிப்பு கொஞ்சம் முன்கூட்டி வருகிறது. “நல்ல பையன்தான். ஆனாச் சித்தே பொறுக்கலாம்” என்று அப்பாவுக்குப் போன் போட்டுவிடுவார். கடைசியில் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒருவரை, மாமா ஏதோ பலகை வாங்கச் சேலம் போயிருந்த நாளில் வரவழைத்து, அத்தையும் நானுமே பேசி முடித்தோம். திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் மாமா, “அவரு கெழக்க பாத்து உக்காந்தாரா, மேக்க பாத்து உக்காந்தாரா?” என்று மட்டும் கேட்டார்.

வார்னிஷ் காலம் என்று ஒன்று அந்த வீட்டில் உண்டு. பொங்கல் முடிந்து பனி விலகியதும் தொடங்கும். ஒரு பூச்சு பூசிக் காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி பூச வேண்டும். ஈர வார்னிஷில் தூசு விழக் கூடாது. ஆகவே வாசல் பெருக்கக் கூடாது. ரோட்டுப் பக்கத்து கேட்டைத் திறக்கக் கூடாது, நான் பின்வேலிச் சந்து வழியாக ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஷெட்டும் சமையலறையும் ஒரே சுவர் என்பதால் தாளிக்கக் கூடாது. தாளிக்காத குழம்பை மாதக்கணக்கில் தின்ற குடும்பம் எங்களுடையது. ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் கேட்டுக்கு வெளியே நின்றே விசேஷத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அத்தை கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து பேசுவாள். ஜெயிலில் மனு போட்டுப் பார்ப்பது போல இருக்கும் எனக்கு. பழனிக்குப் போக வேண்டும் என்பாள். பூச்சு காயட்டும் என்பார். அவரை விட்டுவிட்டு அவள் எங்கேயும் போனதில்லை. ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல், “நீங்க மட்டும் கிளம்பிப் போயிட்டு வாங்களேன் அத்தை,” என்றேன். “அவுரு சோறு திங்க மறந்துருவாரு சாமி,” என்றாள். அது உண்மையும்கூட. அதனால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா செல்போனில் வீடியோ பார்ப்பார். எந்த நாட்டிலோ வெள்ளைக்காரர்கள் உளுத்துப்போன படகை எடுத்து, பலகை பலகையாக மாற்றி, சீராக்கும் வீடியோக்கள். பாஷை புரியாவிட்டாலும், அவர்கள் உளி பிடிக்கும் கையைப் பார்த்தே “ம், ம்” என்று தலையாட்டுவார். அத்தை வெற்றிலை மடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். ஒருவழியாகப் படகு தயாராகி, கிரேனில் தூக்கி, தண்ணீர்மேல் இறக்கும் இடம் வரும். அங்கே மாமா போனை அணைத்துவிடுவார்.

“ஏனுங்க, அதைய உடுங்க, பாக்கலாம்!”

“அப்பறம் என்ன இருக்குது? சும்மா போவான்.”

“அந்தச் சும்மா போறதைத்தானுங்க பாக்கோணும்.”

மாமாவுக்கு அது புரியவே இல்லை. அவர் தூங்கியதும் அத்தை என் போனை வாங்கிக்கொள்வாள். விட்ட இடத்திலிருந்து நான் போட்டுக் காட்டுவேன். பாய் புடைத்துக்கொண்டு படகு ஒருக்களித்துப் போகும். ஒரு பெண் காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு சிரிப்பாள். ஓட்டுகிறவன் ஒரு கையில் கயிறும் ஒரு கையில் ரொட்டியுமாக உட்கார்ந்திருப்பான். அத்தைக்கு அந்த ரொட்டி ரொம்பப் பிடித்துவிட்டது. “நாம போறப்ப எலுமிச்சஞ்சோறு கட்டிக்கலாம்,” என்றாள்.

படகு ஏன் முடியவே இல்லை என்பது நான் அங்கே போன இரண்டாவது கோடையில்தான் எனக்குப் புரிந்தது. எங்கள் வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும், பலகைக்குப் பலகை இடையில் சந்து விடும். லாரிப் பாடியில் சந்து விட்டால் மானக்கேடு. மாமா உடனே தகரத்துக்குப் போடும் பட்டியைக் குழைத்து, அத்தனை சந்தையும் இழுத்து அடைப்பார், மேலே வார்னிஷ் பூசுவார். ஐப்பசி மழை ஈரத்தில் மரம் ஊதும், கல்லாக இறுகிய பட்டியைப் பிதுக்கி வெளியே தள்ளும். மாமா மொத்தத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். மறுபடி கோடை வரும். வருஷா வருஷம் இதே கூத்து.

அத்தை ஒரு நாள் ஷெட் வாசலில் நின்று சொன்னாள்: “எங்க ஊட்டுல வண்டிச் சக்கரம் வெயில்ல காஞ்சு, இரும்புப் பட்டை கழண்டுக்குமுங்க. எங்கய்யன் ஆப்பெல்லாம் வெக்க மாட்டாரு. வாய்க்கால்ல போட்டு ஊற வெப்பாரு. மரம் ஊதி அதுவா கடிச்சுக்கும். இதையும் கொண்டு போயித் தண்ணியில போடுங்க. ஒரு நாள் ஒழுகும், பொறவு சேந்துக்கும்.”

மாமா பட்டிக் கரண்டியை நிறுத்தாமலே சிரித்தார். “அது மாட்டு வண்டி. ஒழுகற சாமானத்தைக் கொண்டு போயித் தண்ணியில உடறதுக்கா இத்தனை பாடு?”

அவர் வாழ்க்கை முழுக்க லாரி கட்டியவர். காய்ந்த மரம்தான் நல்ல மரம் என்று அவர் கைக்குப் பழகிவிட்டது. தண்ணீருக்காகவே செய்த மரத்தைத் தண்ணீர் காட்டாமல் சரிசெய்ய அவர் பாடுபட்டார். தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மூச்சு முட்டும். ஷெட்டுக்குள் நிற்கும் படகைப் பார்த்தால் எனக்குச் சில நாள் அத்தை ஞாபகமே வரும்.

அவருக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆடி மாதம் எங்கள் பக்கம் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். ஒரு நாள் ஷெட் பக்கம் போனேன். மாமா படகுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். கை சுக்கானில் இருந்தது. ஷெட்டின் தகர இடுக்கில் காற்று ஊளையிட்டது. அது பக்கம் மாறும்போதெல்லாம் அவர் சுக்கானை லேசாகத் திருப்பி, உடம்பை மறுபக்கம் சாய்த்துக்கொண்டார். கண் மூடியிருந்தது. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் கூச்சத்தோடு இறங்கி, “ஆணி பாத்தேன்,” என்றார்.

அப்புறம் ஒரு வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. நாங்கள் மாடு மேய்க்கும் திடலாகவும் பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானமாகவுமே பார்த்திருந்த ஏரி மளமளவென்று நிரம்பி, கோடி விழுந்தது. வழிந்தோடும் தண்ணீரைப் பார்க்க ஊரே கரையில் ஏறியது. ஏரி நிரம்பினால் கிடா வெட்டி, தண்ணீரில் பூ விட்டுக் கும்பிடுவது எங்கள் வழக்கம். ஊர்ப் பெரியவர்கள் நேராக வீட்டுக்கு வந்தார்கள். மாமா படகை ஏரியில் இறக்க வேண்டும், அதில் அத்தை பூத்தட்டோடு நடு ஏரிக்குப் போய்ப் பூவை விட வேண்டும் என்றார்கள். மாமாவால் மறுக்க முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் அத்தை நடக்கவே இல்லை, ஓடினாள். பீரோவிலிருந்து பாயை எடுத்து வெயிலில் உதறினாள். ஒரு பட்டுச்சேலையையும் எடுத்து அதன் பக்கத்தில் போட்டாள்.  மாமா படகுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் டிரெய்லரோடு டிராக்டர் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. அத்தை பட்டுச்சேலை கட்டி, எலுமிச்சஞ்சோற்றைத் தூக்குப்போசியில் போட்டு, தயாராக நின்றாள். மாமா ஒரு குடம் தண்ணீரைப் படகுக்குள் ஊற்றினார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அடிப்பலகையில் ஒரு சொட்டு திரண்டது, விழுந்தது, இன்னொன்று திரண்டது.

“ஒழுகுது,” என்றார் மாமா. “இன்னைக்கு ஆகாது.”

“ஒழுகட்டுமுங்க,” என்றாள் அத்தை. “கரையோரமா உட்டு வெய்ங்க. சாயங்காலத்துக்குள்ள சேந்துக்கும். இல்லாட்டி நாளைக்குப் போலாம். தண்ணியிலயே கெடக்கட்டும்.”

“ஊரே பாக்குது. ஒழுகற படகை எடுத்துட்டு வந்தான்னு சொல்லுவாங்க.”

“ஏனுங்க, எத்தனை வருசமுங்க?” அவள் குரல் உயரவில்லை. “ஒருக்கா.”

மாமா குனிந்து அந்தச் சொட்டு விழும் இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். “சித்தே பொறு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்.” டிராக்டர்காரர் என்னைப் பார்த்தார், நான் அத்தையைப் பார்த்தேன். வண்டி காலியாகவே திரும்பிப் போனது.

அத்தை அழவில்லை. தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு ஏரியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னால் ஓடினேன். கொஞ்சம் தள்ளி மாமாவும் வந்தார். கரையில் கிடா வெட்டு முடிந்து, பூத்தட்டை யாரிடம் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மீன் குத்தகை எடுத்தவரின் பரிசல் ஒன்று ஓரமாக ஆடிக்கொண்டிருந்தது. தார் பூசி, அங்கங்கே ஒட்டுப்போட்ட, மீன் நாற்றம் அடிக்கிற பரிசல். அத்தை தட்டை வாங்கிக்கொண்டாள், பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகினாள், யாரையும் கேட்காமல் பரிசலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

பரிசல்காரர் துடுப்பைப் போட்டார். நடு ஏரியில் அவள் பூவை விட்டதும், குறும்புக்கு அவர் பரிசலைச் சுற்றிவிட்டார். அது பம்பரம் போலச் சுழன்றது. அப்போது அத்தை கத்தினாள். பயத்தில் கத்துகிறாள் என்று நினைத்தேன். இல்லை, சிரிக்கிறாள். கரை வரைக்கும் கேட்டது. கிணற்று மேட்டில் துணியோடு நின்ற பிள்ளையின் கூச்சல் அத்தனை வருஷம் கழித்து அந்தத் தண்ணீரிலிருந்து வந்தது. 

மாமா கரையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவள் நனைந்து இறங்கி வந்ததும், பரிசலையே பார்த்தபடி, “தாரு சரியாப் பூசல. ஒரு பக்கம் மூங்கில் பிளாச்சு தெரியுது,” என்றார்.

“ஆமாங்க,” என்றாள் அத்தை. “ஆனா மெதந்துச்சுங்க.”

அன்றைக்கு மத்தியானம் மாமா சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு நான் ஷெட்டுக்குப் போனேன். பென்சில் வட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. “அப்படி என்னங்க மாமா பயம் உங்களுக்கு? தண்ணியா?” என்று கேட்டேவிட்டேன்.

“தண்ணிக்கு என்ன பயம்,” என்றார். ரொம்ப நேரம் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். “ஓட்டிட்டா, அப்பறம் நான் என்ன சாமி பண்றது? காலையில எந்திரிச்சு எங்க போறது?”

 தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். அவர் சொன்ன அந்த ‘அடுத்த வாரம்’ வரவே இல்லை. பங்குனியில் ஏரி வற்றி, மாடுகள் திரும்பி வந்தன. எனக்குக் கல்யாணம் ஆகிச் சேலம் சூரமங்கலத்து ரயில்வே குடியிருப்புக்குப் போய்விட்டேன். நான் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் பட்டி குழைத்துக்கொண்டுதான் இருந்தார், என்னைக் கண்டதும் முதலில் ஸ்கூட்டியின் பிரேக்கைத்தான் பிடித்துப் பார்த்தார். ஒரு மார்கழிக் காலையில் ஷெட்டுக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, அப்படியே போய்விட்டார். கையில் உப்புத்தாள் இருந்ததாம். கேட்டபோது ஆச்சரியமாக இல்லை. ஆனால் பஸ்ஸில் ராசிபுரம் போய்ச் சேரும்வரை அழுதுகொண்டே போனேன்.

போன ஐப்பசியில் ஏரி மறுபடி நிரம்பியது. எனக்குப் போனில் சொன்னதே அத்தைதான். அந்தச் சனிக்கிழமையே லீவு சொல்லிவிட்டு, டிராக்டர்காரரிடம் பேசி டிரெய்லரோடு வரச் சொல்லிவிட்டு, பஸ் ஏறினேன். போகும் வழியெல்லாம் எனக்கு அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது. இனித் தடுக்க யாரும் இல்லை. ஒழுகினால் ஒழுகட்டும். அவளை அதில் உட்கார வைத்து ஒரு சுற்று சுற்றிவிட வேண்டும்.

ரோட்டுப் பக்கத்து கேட் சாத்தியிருந்தது. வாசல் பெருக்கவில்லை. வீட்டில் தாளிதம் மணக்கவில்லை. பின்வேலிச் சந்து வழியாகப் போனபோதே எனக்கு என்னவோ போல இருந்தது.

அத்தை ஷெட்டுக்குள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, படகின் வயிற்றோரம் மணைப்பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை மரத்தூள். பக்கத்தில் வார்னிஷ் டப்பா திறந்திருந்தது. உப்புத்தாளை மாமாவைப் போலவே மரத்துண்டில் சுற்றிப் பிடித்து, பலகை ஓடும் பக்கமாகவே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, டிராக்டர் வந்துட்டிருக்குது. கிளம்புங்க.”

“இல்ல சாமி. இந்தப் பக்கம் இன்னும் சொரசொரன்னு இருக்குது.”

“நீங்கதான சொன்னீங்க, தண்ணியில போட்டா அதுவா சேந்துக்கும்னு?”

“சேந்துக்கும். எனக்குத் தெரியாதா?” அவள் தேய்ப்பதை நிறுத்தி, மாமா போட்டு, கடைசிவரை அழிக்காமலே விட்டிருந்த அந்தப் பென்சில் வட்டத்தைச் சுற்றிலும் படிந்த தூளை முந்தானையால் துடைத்தாள். வட்டத்தை மட்டும் தேய்க்காமல் விட்டிருந்தாள். “ஏரியில உட்டுட்டா எல்லாம் ஆயிப் போயிரும் சாமி. அப்பறம் நான் காலையில எந்திரிச்சு எங்க போறது?”

வெளியே டிராக்டர் வந்து நின்றது. ஹாரன் அடித்தார்கள். கேட்டைத் திறந்தால் தூசு வரும் என்று அத்தை சொன்னாள். சொல்லிக்கொண்டே இன்னொரு உப்புத்தாளை இரண்டாகக் கிழித்து, பாதியை என் பக்கம் நீட்டினாள்.

“அந்தப் பக்கம் நீ தேயி. சித்தே நேரந்தான்.”

நான் வாங்கிக்கொண்டேன்.